நான்கு இடைவெளியும் ஒரு டேப்பும்

பைத்தான் மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்துக்குப் பொருள் உண்டு. ஒரு நிபந்தனைக்குள் அடங்கும் வரிகளை நான்கு இடைவெளி உள்ளே தள்ளி எழுதுவார்கள். அதற்குள் இன்னொரு நிபந்தனை வந்தால் எட்டு. நடுவில் ஒரு வரி மட்டும் மூன்று இடைவெளியில் நின்றுவிட்டால் நிரல் ஓடாது. கண்ணுள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. பக்கத்தைப் பார்த்ததுமே எது எதற்குள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நானோ நிரலைக் காதால் படிப்பவன். வெற்றிடத்துக்கு ஓசை ஏது?

ஈப்போ, புந்தோங்கில் வாடகை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து இதை முதலில் தெரிந்துகொண்டபோது, இந்த மொழி நமக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடத்தான் இருந்தேன். அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. எனக்கு அதைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த என்விடிஏ என்ற திரைவாசிப்பானே பைத்தானில் எழுதப்பட்டதுதான். 2006-இல் அதை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும், விரைவில் அவரோடு சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் தேயும் ஆஸ்திரேலியர்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில் சிறுவயதில் சந்தித்துக்கொண்டவர்கள். இருவருக்கும் பார்வை கிடையாது.

அவர்கள் எழுதினால் நானும் எழுதலாம். அன்றைக்கு எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இருவருக்கும் பால்வெட்டு வேலை. விடியுமுன் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடும் குரலும், மதியம் ஸ்டோரில் வாளிகள் மோதிக்கொள்ளும் சத்தமும், வெயில் காலத்தில் ரப்பர் கொட்டை வெடித்துச் சிதறும் சத்தமும்தான் எனக்குத் தோட்டம். பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. லயத்தில் யாரும் அதை மூடி மறைத்துப் பேசியதில்லை. இந்தப் பிள்ளை நாளைக்கு என்ன செய்து பிழைக்கும் என்று அம்மாவிடம் நேராகவே கேட்பார்கள். ஆயக்கொட்டகையில் என்னைப் பார்த்துக்கொண்ட ஆயாதான், பினாங்கில் பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம் என்று எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த் போய் ஃபெரி ஏறினார்.

பினாங்கில் பிரெயில் வந்தது. மலாயும் ஆங்கிலமும் விரல்நுனிக்கு வந்தன. தமிழ் எனக்குக் காதோடு நின்றது, வானொலி ஆறும் அம்மாவின் பேச்சுமாக. விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் கொட்டை வெடிக்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு செம்பனை நட்டார்கள். பால்வெட்டுக்கு இருந்த ஆட்களில் பாதிப் பேருக்குச் செம்பனைக் காட்டில் வேலை இல்லை. நான் கோலாலம்பூரில் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது எங்கள் குடும்பமும் லயத்தைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டது. புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் ஒரு வீட்டுத் தொழிலில் அம்மாவுக்குக் கடலை வறுக்கும் வேலை கிடைத்தது.

பார்வையற்றவர்களுக்கு அப்போது நாட்டில் பழகிப்போன தொழில்கள் சில இருந்தன. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அதைச் சுற்றி ஒரு பெரிய சமூகமே உருவாகியிருக்கிறது. தொலைபேசி இயக்குநர் வேலையும், உடம்பு பிடித்துவிடும் வேலையும் என் தோழர்கள் பலருக்குச் சோறு போட்டன. மதிப்பான தொழில்கள்தாம். ஆனால் அலுவலகத் தொலைபேசிகள் தாமாகவே அழைப்பைத் திருப்பிவிடக் கற்றுக்கொண்ட பிறகு முதல் தொழில் சுருங்கத் தொடங்கிவிட்டது. எனக்குக் கணக்கு வரும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிறகு ஒரு கணினி வகுப்பில் ஜாஸ் என்ற திரைவாசிப்பானைக் கேட்டேன். அதை உருவாக்கிய டெட் ஹென்டர் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-இல் கார் விபத்தில் பார்வை போனது. பிறகு நிரல் எழுதப் படித்து, 1989-இல் டாஸ் காலத்திலேயே ஜாஸை வெளியிட்டார். உலகம் முழுதும் எத்தனையோ பேரை அலுவலக நாற்காலியில் உட்கார வைத்த மென்பொருள் அது. விலைதான் எங்களுக்கு எட்டவில்லை. ஆயிரம் அமெரிக்க டாலரை ஒட்டிய விலை. ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று அரசாங்கம் கட்டிவைத்திருந்த காலம். கணக்குப் போட்டால் மூவாயிரத்தைத் தாண்டும். பல ஆண்டுகள் கழித்து, 2013-இல், குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று தீபகற்பத்தில் நடப்புக்கு வந்தபோதே அது மாதம் 900 வெள்ளிதான். அம்மாவின் கூலியை நினைத்துப் பாருங்கள்.

காசு கட்டாதவர்களுக்கும் ஜாஸ் 40 நிமிடம் பேசும். பிறகு கணினியை அணைத்துப் போட்டால் இன்னொரு 40 நிமிடம். நிரல் என்றால் என்ன என்பதை நான் படித்தது அந்த 40 நிமிடத் துண்டுகளில்தான். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன். ஆனால் அரைகுறையாகப் புரிந்த ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டு, கணினி மறுபடி எழுந்து பேசும்வரை அது நழுவாமல் காத்திருப்பது இளம் பிள்ளைக்குக் கொடுக்கிற பயிற்சி இல்லை. எத்தனை பேர் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

2008 வாக்கில் பிரிக்ஃபீல்ட்ஸில் தொலைபேசி இயக்குநராக இருந்த ஓர் அண்ணன் என் கையில் ஒரு பென் டிரைவை வைத்தார்.

"தம்பி, இதுல என்விடிஏ இருக்கு. காசு கேக்காது. நாப்பது நிமிஷத்துல நிக்கவும் நிக்காது. கொண்டு போ."

"காப்பி அடிச்சதாண்ணே?"

"இல்லப்பா. எழுதினவங்களே எல்லாருக்கும் கொடுன்னு சொல்லித்தான் கொடுத்திருக்காங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னும் பாக்கலாம், மாத்தவும் மாத்தலாம்."

கணினியில் நிறுவக்கூடத் தேவையில்லை. பென் டிரைவிலிருந்தே ஓடும். ஈப்போவில் நான் போய்க்கொண்டிருந்த சைபர் கஃபே அங்கிள், இயந்திரக் குரல் ஒன்று படபடவென்று பேசுவதைக் கேட்டு முதலில் பயந்துபோனார். விளக்கிச் சொன்னதும் மூலையில் எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அந்தக் குரலுக்குப் பெயர் ஈஸ்பீக். ஜானதன் டடிங்டன் என்பவர் உருவாக்கியது, அதுவும் திறமூலம். மனிதக் குரல் போலவே இருக்காது. உலோகத் தன்மையான குரல். ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் எழுத்து சிதையாது. நிரல் எழுதும் பார்வையற்றவர்கள் பலர் நிமிடத்துக்கு 400 சொல்லுக்கு மேல் கேட்பார்கள். நானும் அப்படித்தான். இனிமையான குரல்கள் அந்த வேகத்தில் குழம்பிவிடும். அதனால் இன்றுவரை நான் ஈஸ்பீக்கை விடவில்லை. அதற்குத் தமிழும் வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு தமிழ்ச் செய்தியை நான் முதன்முதலாக யார் துணையும் இல்லாமல் 'படித்த' நாளில், "வெள்ளைக்காரன் தமிழ் பேசுறாப்ல இருக்குய்யா" என்றார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் படி என்றார்.

இடைவெளிக்கு வருகிறேன். என்விடிஏயில் ஓர் அமைப்பை இயக்கிவிட்டால், வரியின் உள்தள்ளல் மாறும்போதெல்லாம் 'ஃபோர் ஸ்பேஸ்', 'எய்ட் ஸ்பேஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் வரியைப் படிக்கும். பின்னாளில் இன்னும் நல்ல வழி ஒன்று வந்தது. சொல்லுக்குப் பதில் ஒரு சிறு ஒலி. உள்தள்ளல் ஓர் இடைவெளி கூடினால் சுருதி ஒரு படி ஏறும். ஒரு டேப் என்றால் நான்கு இடைவெளிக்கு உரிய அளவு ஏறும். நிரலை மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டே போகும்போது அதன் அமைப்பு முழுவதும் ஆரோகணமும் அவரோகணமுமாகக் காதில் விழுகிறது. எங்கேயாவது ஒரு வரி மூன்று இடைவெளியில் நின்றால் அந்த ஸ்வரம் பிசகிக் கேட்கும். கண்ணுள்ள என் சக நிரலர்கள் தேடிக்கொண்டிருக்கும் உள்தள்ளல் பிழையை நான் கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருக்கிறேன்.

பைத்தானின் நடைவழிகாட்டியான பெப் 8, 2001-இல் எழுதப்பட்டது. நான்கு இடைவெளி விடுங்கள் என்கிறது. பைத்தான் உலகமே அதைத்தான் பின்பற்றுகிறது. என்விடிஏயின் மூலநிரலைத் திறந்து பார்த்தபோது அங்கே இடைவெளி இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு டேப். அவர்களுடைய விதியே அப்படி. எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. நான்கு இடைவெளியை அம்புக்குறி விசையால் கடக்க நான்கு தட்டு. டேப் என்றால் ஒரு தட்டு. பிரெயில் காட்சிப்பட்டையில் ஒரு வரிக்கு 40 கட்டங்கள்தான் இருக்கும் என்றால், மூன்று படி உள்ளே போன வரி பன்னிரண்டு கட்டங்களை வெற்றிடத்துக்கே கொடுத்துவிடும். பார்வையற்றவர்கள் தங்கள் கைக்கு ஏற்றபடி தாங்களே விதி வகுத்துக்கொண்ட ஒரு நிரல்தொகுப்பை அன்றுதான் தொட்டேன். சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

பென் டிரைவ் தந்த அதே அண்ணன்தான் டி.வி.ராமனைப் பற்றியும் சொன்னார். பூனாவில் பிறந்து வளர்ந்தவர். கண் அழுத்த நோயால் பதினான்கு வயதில் பார்வையை முழுதாக இழந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வே கணிதச் சமன்பாடுகளைக் கேட்கும்படி செய்வது. அடுக்கு எண் வந்தால் குரலின் சுருதி ஏறும், கீழ்க்குறி வந்தால் இறங்கும். எங்கள் பள்ளிக் காலத்தில் ஒரு நீளமான சமன்பாட்டை ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல, அடைப்புக்குறி எங்கே மூடியது என்று தெரியாமல் தவித்தவர்களுக்குத்தான் இதன் அருமை விளங்கும்.

ராமன் 1995 ஏப்ரலில் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். ஈமாக்ஸ் என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள், நிரலர்களின் பழைய பட்டறை. சாதாரணத் திரைவாசிப்பான் வெளியே நின்றுகொண்டு திரையில் என்ன இருக்கிறது என்று ஊகித்துச் சொல்லும். ராமன் அந்த வழியை விட்டார். ஈமாக்ஸின் ஒவ்வொரு கட்டளையோடும் அதற்குரிய பேச்சை உள்ளிருந்தே இணைத்தார். அதற்காக ஈமாக்ஸின் மூலநிரலில் ஒரு வரியைக்கூட அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தனக்குப் பிறகு வருபவர்கள் நடத்தையைச் சேர்த்துக்கொள்ள ஈமாக்ஸ் இடம் விட்டிருந்தது. கண்ணுள்ளவர்களுக்கு நிரலின் பகுதிகள் வெவ்வேறு நிறத்தில் தெரிவதுபோல ஈமாக்ஸ்பீக்கில் குறிப்புரைக்கு ஒரு குரல், மொழியின் முதன்மைச் சொல்லுக்கு இன்னொரு குரல். பிறகு அவர் அடோபி, ஐ.பி.எம்., கூகுள் என்று வேலை பார்த்தார். எங்கே இருந்தாலும் ஈமாக்ஸ்பீக்கை விடாமல் வளர்த்து வந்தார். லயத்து வீட்டில் பிறந்த பார்வையற்ற பிள்ளைக்கு, தன் பெயர் மாதிரியே பெயர் உள்ள ஒருவர் இப்படி இருக்கிறார் என்று தெரிவது எவ்வளவு பெரிய பலம்!

வேலை தேடி அலைந்த காலத்தை நீட்டிச் சொல்ல மனமில்லை. ஓர் அலுவலகத்தில் என்னோடு வந்த தம்பியிடம் கேள்வி கேட்டார்கள், என்னிடம் கேட்கவில்லை. இன்னோர் இடத்தில் தேர்வு எழுதச் சொன்ன இணையப் பக்கம் என் திரைவாசிப்பானுக்கு ஒரு வார்த்தைகூடத் தரவில்லை. 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துவிட்டது. சட்டம் தாளில் இருந்தது. கடைசியில் ஈப்போவில் செம்பனைத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனம், முதலில் செய்து காட்டு, பிறகு பேசலாம் என்றது. செய்து காட்டினேன். செக்ரோல்தான் எனக்குக் கொடுத்த முதல் பகுதி. ஆள் பேர், வேலை நாள், வெட்டிய குலைகளின் கணக்கு, பிடித்தம். அப்பாவின் பெயர் எந்தப் புத்தகத்தில் கிராணியின் கையெழுத்தில் இருந்ததோ அந்தப் புத்தகத்துக்கு நான் நிரல் எழுதினேன். இப்போது அதில் வரும் பெயர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர் பெயர்கள். பிடித்தம் கணக்கிடும் வரிகளை நான் மற்ற எதையும்விடக் கவனமாகக் கேட்பேன்.

அந்த வேலையில்தான் கசப்பான ஓர் உண்மை புரிந்தது. திறமூலம் என்பதால் மட்டும் ஒரு கருவி நம்மோடு பேசிவிடாது.

திரைவாசிப்பான் உண்மையில் திரையைப் படிப்பதில்லை. இயங்குதளம் ஒவ்வொரு சாளரத்துக்கும் பின்னால் ஒரு விவர மரத்தை வைத்திருக்கிறது. இது பொத்தான், இதன் பெயர் 'சேமி', இது எழுதும் பெட்டி, சுட்டி இந்த இடத்தில் நிற்கிறது என்றெல்லாம் அதில் இருக்கும். என்விடிஏ படிப்பது அதைத்தான். கருவியை எழுதியவர் இயங்குதளம் தரும் பொத்தானையும் பெட்டியையும் பயன்படுத்தினால் விவரம் தானாக ஏறிவிடும். அழகுக்காகவும் வேகத்துக்காகவும் அவரே எல்லாவற்றையும் வரைந்துகொண்டால் மரம் வெறுமையாக இருக்கும். கண்ணுக்கு நூறு வரி நிரல் தெரியும், எனக்கு ஒன்றுமில்லை. கிட்ஹப்பிலிருந்து வந்த ஆட்டம் என்ற திறமூல நிரல்திருத்தியை ஊரே கொண்டாடியபோது எங்களால் அதற்குள் நுழைய முடியவில்லை. 2022 டிசம்பரில் அதை மூடியும் விட்டார்கள். மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடும் கிட்டத்தட்ட அதே அடித்தளத்தில் கட்டியதுதான். 2015 நவம்பரில் அதன் மூலநிரல் திறக்கப்பட்டது. அதன் ஆசிரியர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு எழுத்துப்பெட்டியை உள்ளே வைத்து, சுட்டி நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள வரிகளை அதில் நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். திரைவாசிப்பானுக்கு அந்தப் பெட்டி போதும். எஃப்8 தட்டினால் அடுத்த பிழைக்குப் போகலாம். ஒரே அடித்தளத்தில் ஒன்று ஊமை, ஒன்று பேசும். தொடக்கத்திலேயே யாரோ ஒருவர் எங்களை நினைத்தார் என்பதுதான் வேறுபாடு.

கட்டளை வரி முழுக்க எழுத்துதானே, உங்களுக்குச் சுலபம்தானே என்று நண்பர்கள் கேட்பார்கள். கிட் போன்ற கருவிகளுக்கு அது உண்மை. ஆனால் 'காத்திருக்கவும்' என்று காட்ட ஒரு கோட்டைச் சுழல விடுகிறார்களே, அந்தச் சுழற்சியின் ஒவ்வொரு அசைவையும் திரைவாசிப்பான் சொல்லத் தொடங்கினால் வேறு எதுவும் காதில் ஏறாது. நிரலைப் படமாகப் பிடித்து அனுப்பும் பழக்கம் அதைவிடக் கொடுமை. எழுத்தாக ஒட்டியிருந்தால் படித்திருப்பேன்.

நாங்கள் அலுவலகத்தில் பயன்படுத்திய ஒரு திறமூலக் கருவியில் மேல்வரிசைப் பொத்தான்கள் எதற்கும் பெயர் இல்லை. 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே கேட்கும். படம் மட்டும் வைத்திருந்தார்கள். என்விடிஏக்குள்ளேயே ஒரு பைத்தான் முனையம் உண்டு. அதைத் திறந்து, சுட்டி நிற்கும் பொருளின் விவரம் என்ன, பெயர் ஏன் காலி என்று தோண்டிப் பார்க்கலாம். பார்த்தேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஏரியா-லேபிள் என்ற ஒரு பண்பைச் சேர்த்தால் போதும். எழுதி அனுப்பினேன். அந்தக் கருவியைப் பராமரிப்பவர் எங்கோ ஐரோப்பாவில் இருந்தார். தம் கருவியை இப்படி ஒருவர் பயன்படுத்துவது தமக்குத் தெரியவே தெரியாது என்று எழுதினார். பொத்தானுக்குப் 'படம் 3' என்று பெயர் வைப்பதால் பயன் உண்டா, அது செய்யும் வேலையைப் பெயராக வைக்க வேண்டுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. எழுதினேன். அடுத்த பதிப்பில் பொத்தான்கள் பேசின. எனக்கு மட்டுமல்ல, உலகத்தில் அந்தக் கருவியைத் தொட்ட எல்லாப் பார்வையற்றவர்களுக்கும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் நான் ஒரு புகார் எழுதிக் காத்திருக்கலாம். இங்கே உளியே என் கையில் இருந்தது.

கவலையும் உண்டு. லினக்ஸில் கினோம் பணிச்சூழலுக்கு ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஆள் போட்டு வளர்த்தது. 2010-இல் ஓரக்கிள் சன்னை வாங்கியதும் அந்த அணுகல் குழு கலைந்தது. தன்னார்வலராக உதவிவந்த ஜோன்மேரி டிக்ஸ் என்ற பெண்மணி அதைக் கைக்கொண்டு காப்பாற்றியிருக்காவிட்டால், லினக்ஸில் வேலை செய்யும் எங்களவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்? இவ்வளவு பேர் பிழைப்பு சில பேருடைய தோளில் நிற்பது சரியில்லை. அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் இவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முன்வர வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி குழுவினர் மற்ற கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கினார்கள். தமிழுக்கும் செய்தார்கள். அப்படிப்பட்ட முயற்சி நம் ஊர் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வர வேண்டும். தமிழ் நிரலர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். தாங்கள் செய்த பக்கத்தை எலியைக் கழற்றி வைத்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு, என்விடிஏயை இயக்கி ஒரு முறை கேட்டால் போதும். மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது வார இறுதிகளில் என் வீட்டுக்கு ஒரு மாணவி வருகிறாள். பீடோர் பக்கத்தில் முன்பு ரப்பராக இருந்த ஒரு தோட்டம்தான் அவளுக்கும் பூர்வீகம். பேருந்தில் தனியாகவே வந்துவிடுகிறாள். அவளுக்குப் பைத்தானில் டேப்பைவிட நான்கு இடைவெளிதான் பிடித்திருக்கிறது, ஒலியை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிகிறதே அண்ணா என்கிறாள். சென்ற மாதம் ஒரு திறமூல நாட்காட்டிக் கருவியில் தேதிக் கட்டங்களைத் திரைவாசிப்பான் படிக்கவில்லை என்று கண்டுபிடித்து, தானே திருத்தி அனுப்பினாள். பதில் வந்திருக்கிறது. திருத்தம் சரி, ஆனால் சோதனை நிரல் இல்லாமல் சேர்க்க முடியாது என்று. யார் அனுப்பினாலும் அவர்கள் சொல்கிற பதில்தான் அது. அவளுக்குச் சோதனை நிரல் எழுதத் தெரியாது. இந்தச் சனிக்கிழமை அதைத்தான் தொடங்குகிறோம்.